வரி 3 புள்ளி, விலை எவ்வளவு? ஒரு பில் ஸ்கேன் ஆப்புடன் 14 மாதம்

நான் இதுவரை ஸ்கேன் செய்த பில்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஆப்பின் சந்தா பில்தான். விற்பனை வரி 3 புள்ளி, அதாவது 15 சதவீதத்திலிருந்து 18-க்கு, ஏறிப் பத்து மாதம் ஆன பிறகு, சந்தாவைப் புதுப்பிக்கிற நேரத்தில், "வரி உயர்வு காரணமாகக் கட்டணத்தைச் சிறிது மாற்றியமைத்திருக்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்தது. சரி, அந்தச் சிறிது எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்று பில்லைப் படம் எடுத்து அதே ஆப்பிடம் கொடுத்தேன். ஆப் கூசவே இல்லை. மொத்த உயர்வு 9 சதவீதம், அதில் வரியால் வந்தது 2.6 சதவீதம், மீதியெல்லாம் "விற்பவர் உயர்த்தியது" என்று சிவப்பில் போட்டுக் கொடுத்துவிட்டது. சொந்த முதலாளியையே இப்படிக் காட்டிக்கொடுக்கிற ஆப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி ஆப்கள் நிறைய வந்துவிட்டன, எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான், நீங்கள் எதை வைத்திருந்தாலும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். பில்லைப் படம் எடுத்தால் பொருள், அளவு, விலை, வரி என்று தனித்தனியாகப் பிரித்து எழுதிக்கொள்கிறது. அதே பொருளை மறுபடி வாங்கும்போது பழைய விலையோடு ஒப்பிடுகிறது. ஏறியிருந்தால் அதில் வரியின் பங்கு எவ்வளவு, கடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறது. நம் வீட்டுச் செலவை மட்டும் வைத்து ஒரு சொந்தப் பணவீக்க எண்ணும் போடுகிறது. தமிழிலும் வருகிறது, ஆனால் அந்தத் தமிழை ஒரு தமிழர் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட்டார்கள் என்று தோன்றவில்லை. முதல் நாள் ஒரு பில்லைக் கொடுத்ததும் "இந்தப் பில்லில் 14 வரிகள் உள்ளன" என்றது. ஒரு சோப்புக்கும் பற்பசைக்கும் 14 வரியா என்று பதறிப்போய்ப் பார்த்தால், தாளில் 14 வரி அச்சாகியிருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 15 சதவீதமாக இருந்த வரி 18 ஆனபோது விலை 3 சதவீதம் ஏறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கேட்ட எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு ஏற்றினார்கள். ஆனால் வரி இல்லாமல் 100 என்று இருக்கிற பொருளுக்கு நாம் ஏற்கெனவே 115 கொடுத்துக்கொண்டிருந்தோம், இனி 118. 115-இல் 3 என்பது 2.6 சதவீதம்தான். பழைய வரி குறைவாக இருந்திருந்தால் 3-க்கும் இந்த உண்மை எண்ணுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும், 5-லிருந்து 8 என்றால் 2.86 வரும். இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. 15 என்ற வரியே 18 ஆனதால் வரி 20 சதவீதம் ஏறிவிட்டது என்றும் ஒருவர் சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. ஆகவே ஒரே உயர்வுக்கு 3, 20, 2.6 என்று மூன்று எண்கள், எதிர்ப்பவர் ஒன்றை எடுப்பார், ஆதரிப்பவர் ஒன்றை எடுப்பார், பையிலிருந்து போவது மட்டும் மூன்றாவது. இந்த ஆப் அந்த மூன்றாவதைத்தான் காட்டுகிறது. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

பில் படிக்கிற வேலையில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. வரியைத் தனி வரியாகக் காட்டும் பில் என்றால் பிரச்சினை இல்லை. வரி உள்ளடங்கிய விலை மட்டும் அச்சான பில்லைக் கொடுத்தால் "வரி: 0" என்று எழுதிக்கொண்டு போய்விடும், நாமே உள்ளே போய் "வரி சேர்ந்த விலை" என்பதைத் தட்டவேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், இல்லை. விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்கிறதா, கல்லாவில்தான் சேருமா என்பதைப் பொறுத்து நாம் வாங்குகிற விதமே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் சீட்டில் ஒரு விலை, கல்லாவில் வரி சேர்ந்து வேறு விலை. அங்கே ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரும் இன்னும் இருவரும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சில பொருள்களுக்கு மட்டும் வரி சேர்ந்த விலையையும் சீட்டில் ஒட்டிப் பார்த்தார்கள், 2009-இல் ஆய்வு வெளிவந்தது. விலையில் ஒரு காசு மாற்றவில்லை, கட்டவேண்டிய மொத்தத்தைக் கண்ணில் பட வைத்தார்கள், அவ்வளவுதான், அந்தப் பொருள்களின் விற்பனை சுமார் 8 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் வரி இருப்பது தெரியும், ஆனால் எடுத்துக் கூடையில் போடும்போது யாரும் அதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஜப்பானில் 2014 வரி உயர்வை ஒட்டி, வரி சேர்க்காத விலையை மட்டும் காட்டிக்கொள்ளக் கடைகளுக்குத் தற்காலிகமாக அனுமதி இருந்தது, 2021 ஏப்ரலில் இருந்து மொத்த விலையைக் காட்டியே ஆகவேண்டும் என்று திரும்பக் கட்டாயமானது. இந்த ஆப் எல்லாப் பொருளையும் இரண்டு விலையிலும் காட்டுவதால், மூன்றாவது மாதத்திலிருந்து நான் கடையில் நின்றபடியே மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கப் பழகிவிட்டேன். கூட வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது, அது தனிக் கதை.

வரியைக் கட்டுவது கடைக்காரர், ஆனால் சுமப்பது யார்? எனக்கு இந்த ஆப் பிடித்துப்போனது இந்தக் கேள்வியை என் பில்களை வைத்தே விடுவித்துக் காட்டியதால்தான். பொதுவான கணக்கு என்னவென்றால், விலை ஏறினால் யார் விலகிப் போகமுடியாதோ அவர் தலையில்தான் பெரும்பங்கு விழும். என் பில்களில் பற்பசை, சோப்பு, துணி துவைக்கும் தூள் எல்லாம் வரி ஏறிய அதே வாரம் முழுசாக ஏறின, ஏனென்றால் பல் துலக்குவதை யாரும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட மாட்டார்கள் என்று கடைக்குத் தெரியும். முடிவெட்டும் கடை மூன்று மாதம் அசையவே இல்லை, பிறகு ஒரே தாவலாக அடுத்த முழு எண்ணுக்குப் போய் நின்றது, அது வரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சில்லறை கொடுக்கிற தொல்லை இல்லாத எண்ணாக விலை வைக்கும் தொழில்களில் இப்படித்தான், முதலில் கொஞ்ச நாள் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், அப்புறம் மொத்தமாக வசூலிப்பார்கள்.

அறைகலன் கடை விஷயம் தனி. புது வரி வந்த வாரம் வாசலில் பெரிய பேனர்: "வரி உயர்வை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்!" பரவாயில்லையே என்று ஒரு மேசை வாங்கினேன். அந்தக் கடையில் முன்பு வாங்கிய பழைய பில்களையும், போன வருஷத்து விலைப்பட்டியல் படத்தையும் ஆப்பில் ஏற்றிப் பார்த்தால், அந்த மேசையின் விலை வரி ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே 4 சதவீதம் ஏறியிருக்கிறது. முன்னாடியே ஏற்றி வைத்துக்கொண்டு அப்புறம் தாராளமாக ஏற்றுக்கொண்டார்கள். இதில் அந்தக் கடை புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. ஜெர்மனி 2007 ஜனவரியில் வரியை 16-லிருந்து 19 ஆக்கியது, ஆனால் ஓராண்டுக்கும் முன்பே அதை அறிவித்துவிட்டது, அதனால் விலைகளில் ஒரு பகுதி 2006-லேயே மெல்ல மெல்ல ஏறத் தொடங்கிவிட்டது. ஜனவரியை மட்டும் பார்த்தவர்களுக்கு அட, இவ்வளவுதானா என்று தோன்றியிருக்கும்.

ஆகவே ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த ஆப்பை வரி ஏறிய பிறகு நிறுவினால் பாதிப் பயன் போச்சு. குறைந்தது ஆறு மாதப் பழைய பில்கள் வேண்டும். நான் வரி ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்புதான் தொடங்கினேன், மீதியை மேசை இழுப்பறையில் கிடந்த பழைய பில்களிலிருந்து எடுக்கலாம் என்று பார்த்தால், வெப்ப அச்சுத் தாள் இருக்கிறதே, பாதிக்கு மேல் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. ஆப் அதையும் விடாமல் படித்து, ஒரு ஷாம்பு பாட்டிலின் விலையை 8 என்று எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் "இந்தப் பொருள் 1,900 சதவீதம் ஏறியுள்ளது, கவனம்!" என்று நள்ளிரவில் எழுப்பியது.

ஷாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அளவைக் குறைக்கிற வித்தையை இந்த ஆப் பிடிக்குமா என்றால், பிடிக்கும், ஆனால் அந்த வசதியை எங்கேயோ கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அமைப்புகள், கூடுதல், ஒப்பீடு என்று மூன்று படி உள்ளே போய் "ஓர் அலகு விலை" என்பதை இயக்கவேண்டும். இயக்காத வரை எனக்கு அந்த ஷாம்பு விலை ஏறாத நல்ல பிள்ளையாகப் பச்சையில் தெரிந்துகொண்டிருந்தது. இயக்கியதும் பார்த்தால் 200 மில்லி 180 ஆகியிருக்கிறது, அதாவது ஒரு மில்லிக்கு 11 சதவீத உயர்வு. 99 மாதிரி ஒரு எண்ணில் விலையைப் பிடித்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வரி ஏறினால் 101, 102 என்று போக மனசு வராது, அந்த 99-ஐத் தொடாமல் உள்ளே இருப்பதைக் குறைக்கத்தான் கை போகும், குறைக்கிற கை வரி அளவோடு நிற்பதும் இல்லை. வரி உயர்வின் விளைவைத் தேடுகிறவர்கள் விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போகவேண்டும். இதைப் போய் இயல்பாகவே இயக்கத்தில் வைக்காமல் மூன்று படி உள்ளே வைத்தது யார் யோசனையோ.

இனி குறைகள். முதல் குறையால் எனக்கு ஒருவர் முன்னால் தலைகுனிய வேண்டி வந்தது. வரிவிலக்குப் பெற்ற பொருளோ சேவையோ என்றால் இந்த ஆப் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தீர்ப்பு சொல்கிறது: "இதற்கு வரி இல்லை. உயர்வு முழுவதும் விற்பவருடையது." என் மகள் போகிற ஒரு வகுப்பின் கட்டணம் வரி ஏறிய காலத்தில் கொஞ்சம் ஏறியது, வகுப்புக்கு வரியே கிடையாது. நான் உடனே பெரிய துப்பறிவாளன் மாதிரி அந்த ஆசிரியையிடம் போய்த் திரையைக் காட்டி, "மேடம், உங்களுக்குத்தான் வரியே இல்லையே, அப்புறம் எதற்கு ஏற்றினீர்கள்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் வரி வாங்குவதில்லை சார், ஆனால் கட்டுகிறேனே" என்று சொல்லித் தன் பில்களை எடுத்துக் காட்டினார். கூடத்து வாடகை, அச்சிட்ட தாள்கள், ஏசி பழுதுபார்த்த செலவு, இணையக் கட்டணம், எல்லாவற்றிலும் அதே 3 புள்ளி ஏறியிருந்தது.

விஷயம் இதுதான். மதிப்புக் கூட்டு வரி, ஜிஎஸ்டி வகையில், வரி வசூலிக்கிற வியாபாரி தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அரசுக்குக் கட்டுவார், உள்ளீட்டு வரி வரவு என்பது அதுதான். வரிவிலக்குப் பெற்றவர் வசூலிப்பதும் இல்லை, அதனால் கழிக்கவும் முடியாது, கட்டிய வரி முழுவதும் அவருடைய செலவாக உள்ளே தங்கிவிடும். வெளியே பில்லில் பூஜ்யம், உள்ளே விலையில் ஒளிந்த வரி. பூஜ்ய விகித வரி என்று வேறொன்று இருக்கிறது, அதில் வசூல் பூஜ்யம் ஆனால் கழிவு உண்டு, ஆகவே உள்ளே எதுவும் தங்காது. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் விலையில் இரண்டும் ஒன்றில்லை. இந்தக் கழிவு என்கிற ஏற்பாடே இல்லாத பழைய விற்பனை வரிகள் பலவற்றில் நிலைமை இன்னும் மோசம், ஆலையிலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து சில்லறைக் கடை என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரிக்கு மேல் வரி ஏறும். ஆப்பில் பூஜ்ய விகிதத்துக்கும் விலக்குக்கும் சேர்த்து ஒரே பச்சை முத்திரைதான். வாடிக்கையாளர் சேவைக்கு இதை எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்று பதில் வந்தது. ஆசிரியையிடம் நானே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த குறை அந்தப் பணவீக்க எண், அதாவது போன வருஷம் இதே மாதத்தைவிட நாம் வாங்குகிறவற்றின் விலை எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்கிற எண். ஆப்பைத் திறந்ததும் நடுவில் பெரிதாக அதுதான் நிற்கும். வரி ஏறிய மாதம் என்னுடையது 3-இல் இருந்து 5-ஐத் தாண்டிக் குதித்தது, ஆப் முழுக்கச் சிவப்பு, "உங்கள் பணவீக்கம் கட்டுமீறுகிறது" என்று அபாய அறிவிப்பு. அதே அளவில் பன்னிரண்டு மாதம் நின்றது. பதின்மூன்றாவது மாதம் பொத்தென்று 3-க்கும் கீழே விழுந்தது, திரையில் வண்ணக் காகிதம் தூவி "வாழ்த்துகள்! நீங்கள் விலைவாசியை வென்றுவிட்டீர்கள்" என்றது. நான் எதையும் வெல்லவில்லை. ஒரு பொருளின் விலைகூட இறங்கவில்லை. போன வருஷத்து விலையிலும் இப்போது புது வரி சேர்ந்துவிட்டது, ஒப்பிடுகிற இரண்டு பக்கத்திலும் அது இருப்பதால் வித்தியாசத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் மட்டம் ஏறி அங்கேயே நிற்கும், குழாய் திறந்திருந்தால் ஏறிக்கொண்டே போகும். வரி உயர்வு வாளி, பணவீக்கம் குழாய். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுகிற கணக்கு அந்த ஒரு வாளியைப் பன்னிரண்டு மாதத்துக்குக் குழாய் மாதிரிக் காட்டும், பிறகு யாரோ குழாயை மூடிவிட்டது போலவும் காட்டும்.

இதைச் சவூதி அரேபியாவின் எண்களைவிடத் தெளிவாக வேறு எதிலும் பார்க்க முடியாது. அங்கே 2020 ஜூலையில் மதிப்புக் கூட்டு வரியை 5-லிருந்து நேராக 15 ஆக்கினார்கள். ஜூனில் 0.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஜூலையில் 6.1 ஆனது. அடுத்த ஆண்டு ஜூன் வரை கிட்டத்தட்ட அதே உயரம், 2021 ஜூலையில் 0.4. வரி அதே 15-இல்தான் இருந்தது, விலைகளும் மேலேயேதான் இருந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள், 105 கொடுத்த இடத்தில் 115 என்றால் 9.5 சதவீதம் ஏறியிருக்கவேண்டும், ஆனால் நாட்டின் மொத்த விலைவாசியைச் சொல்லும் விலைக் குறியீடு ஏறியது அதைவிட நன்றாகவே குறைவு. முக்கியக் காரணம், வீட்டு வாடகை மாதிரி வரிக்கு வெளியே இருக்கிற செலவுகளுக்குக் குறியீட்டில் பெரிய எடை உண்டு. ஆக, வரி எவ்வளவு ஏறியது என்பதோடு, நம் செலவில் எவ்வளவு அந்த வரிக்குள் வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். இது வீட்டுக்கு வீடு மாறும். சம்பாதிப்பதை அப்படியே செலவழித்தாக வேண்டிய வீட்டில் வருமானத்தில் பெரும்பங்கு இந்த வரிக்குள் வந்துவிடும், மிச்சம் பிடிக்க முடிகிற வீட்டில் குறைவு. ஆப்பின் சொந்தக் கூடை இதை ஒழுங்காகப் பிடிக்கிறது, அது அதன் பலம், மறுக்கமாட்டேன்.

ஆனால் வாளியையும் குழாயையும் பிரித்துக் காட்டுவது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமாக இருக்க வேண்டியதில்லை, புள்ளிவிவரத் துறைகள் எப்போதோ செய்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஸ்டாட் வரி விகிதம் மாறாமலே இருந்தால் பணவீக்கம் எப்படி இருந்திருக்கும் என்று தனிக் குறியீடு வெளியிடுகிறது, பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகமும் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. ஜப்பான் மத்திய வங்கி 2014 ஏப்ரலில் வரி 5-லிருந்து 8 ஆனபோது, பணவீக்கம் 3.2 என்று குறியீடு சொன்னாலும் வரியைக் கழித்தால் 1.5-தான் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசியது. அந்த வங்கி எட்ட நினைத்த இலக்கு 2. வரி சேர்ந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். வரியோடு உள்ள விலை, வரி இல்லாத விலை என்ற இரண்டு கணக்கும் இந்த ஆப்பின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. எடுத்து முகப்பில் இரண்டு எண்ணாகப் போட்டால் போதும். போடமாட்டேன் என்கிறார்கள்.

முன்கணிப்பு என்று ஒரு வசதிக்குக் கூடுதல் காசு கேட்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். வரி ஏறிய மூன்று மாதத்துக் கோட்டை அப்படியே நீட்டி, இதே வேகத்தில் போனால் இரண்டு வருஷத்தில் உங்கள் செலவு இவ்வளவு என்று பயமுறுத்துகிறது, ஒரு முறை குதித்ததை ஓட்டமாக நினைத்துக்கொண்டு. வாளி குழாயாக மாறவே மாறாதா என்றால், மாறலாம். விலை ஏறியதைக் காட்டி எல்லோரும் சம்பள உயர்வு வாங்கி, அதைக் காட்டி நிறுவனங்கள் மறுபடி விலையை ஏற்றி, வாடகை ஒப்பந்தங்கள் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருப்பதால் அவையும் சேர்ந்து ஏறி, இப்படிச் சங்கிலியாகப் போனால் அது குழாய்தான். மத்திய வங்கிகள் வரியின் முதல் தாவலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, இந்த இரண்டாவது சுற்று தொடங்குகிறதா என்றுதான் காத்திருந்து பார்க்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. வரி என்பது மக்கள் கையிலிருந்து பணத்தை எடுப்பது, கையில் பணம் குறைந்தால் வாங்குவது குறையும், வாங்குவது குறைந்தால் கடைக்காரருக்கு மேலே ஏற்றத் தைரியம் வராது. ஜப்பானில் 2014 வரிக்குப் பிறகு வந்த காலாண்டில் பொருளாதாரமே சுருங்கியது, வரியின் தாக்கம் கணக்கிலிருந்து விலகியபோது பணவீக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இவ்வளவையும் ஒரு நேர்கோட்டில் அடக்கிவிடலாம் என்று நம்புகிற ஆப்புக்கு என்ன சொல்ல.

அந்தச் சுருக்கத்துக்கு இன்னொரு காரணம், வரி ஏறும் முன்பே எல்லோரும் வாங்கிக் குவித்துவிட்டார்கள். இந்த ஆப்பும் நம்மை அதைத்தான் செய்யச் சொல்கிறது. வரி ஏற ஒரு வாரம் இருக்கையில் தினமும் மூன்று தடவை "இன்னும் 5 நாள்! இப்போதே வாங்குங்கள்!" என்று அறிவிப்பு, அதைத் தட்டினால் ஏதோ ஒரு கடையின் விளம்பரம். நான் துவைக்கும் தூள் எட்டுப் பை வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். மிச்சமானது 2.6 சதவீதம். அவற்றில் ஒன்று ஈரம் குடித்துக் கல்லாகிவிட்டதால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் நஷ்டம். நெருக்கடியில் எல்லோரும் வாங்க ஓடும்போது கடைகள் தள்ளுபடியை நிறுத்திவிடுகின்றன என்பதையும் என் பில்களே பிறகு காட்டின. வாகனம், குளிர்சாதனப் பெட்டி மாதிரி பெரிய சாமான், அதுவும் எப்படியும் வாங்கப்போவது என்றால் சரி. தூளுக்கெல்லாம் ஓடவேண்டாம்.

வரி குறைந்தால் ஆப் எப்படி என்று நான் சோதிக்க வாய்ப்பு வரவில்லை, ஆனால் "வரி குறைப்புக் காவல்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, குறைப்பு அமலானதும் விலை இறங்காத பொருளைச் சுட்டிக்காட்டுமாம். நல்லபடியாக வேலை செய்தால் இதுதான் இந்த ஆப்பின் மிகப் பயனுள்ள பொத்தானாக இருக்கும், ஏனென்றால் விலைக்கு ஏறத் தெரிகிற அளவுக்கு இறங்கத் தெரியாது. பின்லாந்தில் முடிவெட்டும் கடைகளுக்கு 2007-இல் வரியை 22-லிருந்து 8 ஆக்கினார்கள், இடையில் 9 ஆகியிருந்த அதை 2012-இல் 23-க்கு ஏற்றினார்கள். இறங்கியதும் 14 புள்ளி, ஏறியதும் 14 புள்ளி. ஆனால் குறைத்தபோது விலை இறங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏற்றியபோது விலை ஏறியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பிரான்ஸ் 2009 ஜூலையில் உணவகங்களுக்கு வரியை 19.6-லிருந்து 5.5 ஆக்கியது, சாப்பிடப் போனவர்கள் கண்ட விலைக் குறைவு சொற்பம். இந்தியா 2017-இல் ஜிஎஸ்டியைக் கொண்டுவந்தபோது, வரிக் குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்காத நிறுவனங்களைப் பிடிக்கவென்றே தனி ஆணையம் வைத்தது. அரசு ஆணையம் வைத்துப் பார்த்த வேலையை ஒரு ஆப் ஓரளவுக்குச் செய்தாலும் லாபம்தானே.

சில்லறை விஷயங்கள்: பேட்டரியைக் குடிக்கிறது. கையால் எழுதிய பில்லைப் படிக்காது. நம் பில்களை யாருக்கும் விற்பதில்லை என்று உறுதிமொழியில் ஒரு இடத்திலும், "பெயர் நீக்கிய வடிவில் பங்குதாரர்களுடன் பகிரலாம்" என்று இன்னொரு இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். தரவை விரிதாளாக வெளியே எடுக்க முடிகிறது, இது பெரிய நிம்மதி, ஏனென்றால் வரியோடு ஒன்று, வரி இல்லாமல் ஒன்று என்று இரண்டு பணவீக்க எண்ணையும் இப்போது நானே அதில் போட்டுக்கொள்கிறேன்.

என் மதிப்பெண் ஐந்தில் மூன்று. விலக்குக்கும் பூஜ்யத்துக்கும் வெவ்வேறு முத்திரை வந்தால் மூன்றரை, முகப்பில் இரண்டு எண் வந்தால் நாலு. சந்தா விஷயத்தில் அவர்கள் ஆப் எடுத்துக் கொடுத்த சிவப்பு அறிக்கையையே இணைத்து, 2.6 வரி சரி, மீதி எதற்கு என்று கேட்டு எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது, இந்த முறை மனிதர் எழுதிய மாதிரியே இருந்தது: அறிக்கை சரியானதுதான், மின்னஞ்சலின் வாசகத்தைத் திருத்துகிறோம். வாசகத்தைத்தான் திருத்தினார்கள். இப்போது புதுப்பிக்கிறவர்களுக்கு "வரி உயர்வு மற்றும் பிற காரணங்களால்" என்று போகிறது.